நெல்லிக்காயும் நான்காம் குழாயும்

நெல்லிக்காயைச் சுவைக்காத மாணவி நம் பள்ளியில் ஒருத்திகூட இருக்க முடியாது. ஐப்பசி பிறந்ததும் மாலை மணி அடித்தவுடன் வாசலருகே கூடையுடன் வந்து அமரும் அம்மாவிடம், உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய நெல்லிக்காயை வாங்கித் தின்றுவிட்டு, குழாயடிக்கு ஓடித் தண்ணீர் குடித்து, "ஐயோ, இனிக்குதே!" என்று வியந்தவர்கள்தாம் நாம் அனைவரும். அந்த நெல்லிக்காயைப் பற்றி ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதப் போகிறோம் என்றபோது, "அதில் எழுத என்ன இருக்கிறது? வைட்டமின் சி நிறைந்தது என்று ஒரே வரியில் முடித்துவிடலாமே" என்று தோழியர் சிலர் சிரித்தனர். நாங்களும் முதலில் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

ஆனால் இக்கட்டுரை பிறந்தது பாடப் புத்தகத்திலிருந்து அன்று. ஒரு வீட்டுக் கவலையிலிருந்து. எங்கள் ஐவரில் ஒருத்தியின் பாட்டிக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். சென்ற கார்த்திகையில் பக்கத்து வீட்டார் யாரோ, "நெல்லிக்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை தானே இறங்கிவிடும், மாத்திரை எதற்கு?" என்று சொன்னதை நம்பி, பாட்டி மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நாள்தோறும் காலையில் ஒரு தம்ளர் சாறு. மூன்று வாரம் கழித்து ஒரு விடியற்காலையில் கிணற்றடியில் தலைசுற்றி விழுந்தார். இரத்தத்தில் சர்க்கரை 300ஐத் தாண்டியிருந்தது. நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. நான்கு நாள் மருத்துவமனையில் இருந்துவிட்டு வீடு திரும்பியதும் அவர் பேத்தியிடம் கேட்டது இதுதான்: "ஏன் கண்ணு, நெல்லிக்காயிலே ஒண்ணுமே இல்லையா? அத்தனை பேரும் பொய்யா சொல்றாங்க?"

அவள் பதில் சொல்லத் தெரியாமல் எங்களிடம் வந்தாள். நாங்கள் ஐவரும் சேர்ந்து எங்கள் உயிரியல் சிஸ்டரிடம் போனோம். சிஸ்டர் பதில் ஒன்றும் சொல்லவில்லை. வேதியியல் கூடத்தின் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

சோதனைக்குப் போகுமுன் மரத்தைப் பற்றிச் சில சொற்கள். இங்கே நாம் பேசுவது பெருநெல்லி. கொத்துக் கொத்தாகக் காய்த்துப் பல்லைக் கூசவைக்கும் அரைநெல்லி வேறு; மஞ்சள் காமாலைக்கு அரைத்துக் கொடுக்கும் கீழாநெல்லி வேறு. ஆனால் மூன்றும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. பெருநெல்லிக்கு 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்னும் ஸ்வீடன் நாட்டு அறிஞர் ஃபில்லாந்தஸ் எம்பிளிக்கா என்று பெயரிட்டார். ஃபில்லாந்தஸ் என்பதற்குக் கிரேக்க மொழியில் 'இலைமலர்' என்பது பொருள். கீழாநெல்லியின் இலைக்கொத்தைத் திருப்பிப் பார்த்தால், இலைக்கு ஒன்றாகக் காய் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டு இந்தப் பெயரின் பொருத்தத்தை வியக்கலாம். கடுக்காய், தான்றிக்காய் இவற்றோடு நெல்லிக்காயும் சேர்ந்தால் திரிபலை. அதியமான் நெடுமான் அஞ்சி, பெறுதற்கரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாது ஔவையாருக்கு ஈந்த செய்தியைப் புறநானூற்றின் 91ஆம் பாடலில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். எனவே நெல்லியின் பெருமை இன்று நேற்று வந்ததன்று. அந்தப் பெருமைக்குள் எவ்வளவு வேதியியல் இருக்கிறது என்று பார்ப்பதே எங்கள் நோக்கம்.

எங்கள் முதல் சோதனைக்குச் சோதனைக் குழாய்கூடத் தேவைப்படவில்லை. நம் அன்னையர் வாழைக்காயையும் வாழைப்பூவையும் நறுக்கியவுடன் மோர் கலந்த தண்ணீரில் போடுவது எதற்காக? கறுத்துவிடும் என்பார்கள். ஏன் கறுக்கிறது? வாழைக்காயின் உயிரணுக்களில் பாலிஃபீனால்கள் என்னும் பொருள்கள் ஓர் அறையிலும், பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி இன்னோர் அறையிலும் தனித்தனியே அடைபட்டிருக்கின்றன. கத்தி பட்டதும் அறைச்சுவர் உடைகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் வந்து சேர்கிறது. நொதி தன் வேலையைத் தொடங்கிவிடுகிறது. அதன் விளைவே அந்தக் கறுப்பு.

விடுதிச் சமையற்கூடத்தில் வாழைக்காயை வட்ட வட்டமாக நறுக்கி, மூன்று கிண்ணங்களில் வைத்தோம். ஒன்றில் எதுவும் ஊற்றவில்லை. ஒன்றில் மோர்த்தண்ணீர். ஒன்றில் நெல்லிச்சாறு. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால், வெறும் கிண்ணத்துத் துண்டுகள் கறுத்திருந்தன. மோரில் இருந்தவை ஓரளவு தப்பியிருந்தன. நெல்லிச்சாற்றில் இருந்தவை நறுக்கிய போது இருந்த நிறத்திலேயே இருந்தன. (நெல்லிக்காயை இரும்பு அரிவாள்மணையில் அரிந்தபோது அதன் வெட்டுவாய் கருநீலமானதைக் கண்டு முதலில் பயந்துவிட்டோம். அது வேறு கதை. நெல்லியின் துவர்ப்புப் பொருளாகிய டானினும் இரும்பும் சேர்ந்தால் மை உண்டாகும். கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து முன்னோர் எழுதுமை செய்ததும் இதே முறையில்தான்.)

அந்த ஒரு கிண்ணத்திலேயே எங்கள் கட்டுரையின் இரண்டு பொருள்களும் இருக்கின்றன. நெல்லிச்சாற்றின் புளிப்பு, வாழைக்காயின் நொதியை வேலை செய்யவிடாமல் முடக்குகிறது. இது நொதித் தடை. அதையும் மீறி நொதி சிறிது வேலை செய்தாலும், நெல்லியிலுள்ள வைட்டமின் சி அந்த வேலையின் பலனைத் திருப்பிப் பழைய நிலைக்கே கொண்டு வந்துவிடுகிறது. இது ஆக்சிஜனேற்றத் தடுப்பு. முன்னது வேலைக்காரனின் கையைக் கட்டுவது. பின்னது அவன் செய்ததை உடனுக்குடன் அழித்துவிடுவது.

ஆக்சிஜனேற்றம் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்குத் தலைவலி வரும். எங்களுக்கும் வந்தது. பிறகு விடுதித் தோழி ஒருத்தி சொன்ன உவமையில் அது தெளிந்தது. விடுதியில் விடியற்காலை ஐந்தரை மணி. ஒருத்தியின் வாளி காணாமற்போய்விட்டது. அவள் சும்மா இருப்பாளா? அடுத்தவள் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். வாளியை இழந்தவள் அதற்கடுத்தவளின் வாளியை எடுக்கிறாள். இப்படியே குளியலறை முழுதும் கலவரம். இதுபோன்றே நம் உடலில், மூச்சுக் காற்றிலும் உணவிலும் நடக்கும் வேதிவினைகளுக்கிடையே, ஓர் எலக்ட்ரானை இழந்து தவிக்கும் மூலக்கூறுகள் உண்டாகின்றன. அவை அண்டையிலிருக்கும் கொழுப்பிடமிருந்தோ புரதத்திடமிருந்தோ எலக்ட்ரானைப் பறிக்கின்றன. பறிகொடுத்தது அடுத்ததிடம் பறிக்கிறது. நாள்பட்ட முறுக்கில் எண்ணெய்ச் சிக்கு வாடை வருவதும் இப்படிப்பட்ட சங்கிலித் தொடரால்தான்.

இந்தக் கலவரத்தை நிறுத்துபவள் யார்? இரண்டு வாளி வைத்திருப்பவள். "இந்தா, என்னுடையதை எடுத்துக்கொள்" என்று ஒன்றைக் கொடுத்துவிட்டு அமைதியாக இருப்பவள். வைட்டமின் சி அத்தகையது. தன் எலக்ட்ரானைக் கொடுத்த பின்னும் அது பிறரிடம் பறிக்கப் போவதில்லை. தொடர் அங்கேயே அறுந்துவிடுகிறது.

இந்த வைட்டமினைப் பெரும்பாலான விலங்குகள் தம் உடலிலேயே செய்துகொள்கின்றன. ஆட்டுக்கும் நாய்க்கும் நெல்லிக்காய் தேவையில்லை. மனிதர், குரங்கினம், கினிப்பன்றி போன்ற சில உயிர்களிடம் மட்டும் அதைச் செய்து முடிக்கும் நொதி இல்லை. ஆகவே நாம் உண்டுதான் பெற வேண்டும். அது கிடைக்காதபோது ஈறு வீங்கி இரத்தம் கசியும், அதுவே ஸ்கர்வி. அப்பொருளை முதலில் தனித்துப் பிரித்தெடுத்த ஹங்கேரி நாட்டு அறிஞர் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1937இல் நோபல் பரிசு பெற்றார். அவருக்கு அது மிகுதியாகக் கிடைத்தது அவர் ஊர் மிளகாயிலிருந்து. நம் நாட்டிலோ, 1939-40இல் ஹிசார் பகுதியில் பஞ்சம் வந்து ஸ்கர்வி பரவியபோது நெல்லிக்காயே மருந்தாகப் பயன்பட்டது.

நெல்லியில் எவ்வளவு வைட்டமின் சி? ஹைதராபாதிலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணையில் 100 கிராமுக்கு 600 மில்லிகிராம் என்று இருக்கிறது. அதே நிறுவனம் 2017இல் வெளியிட்ட புதிய அட்டவணையில் ஏறத்தாழ 250 தான். பாதிக்கும் கீழ்! இதைக் கண்டு எங்களுக்குச் சற்று வருத்தமாகவே இருந்தது. ஆனால் நம் வீட்டுக் கொல்லையில் அணில் கடித்துப் போடும் கொய்யாவில் 200க்கு மேல் இருக்கிறது என்பதையும் அதே அட்டவணையில் பார்த்தோம். கொய்யாவை யாரும் அமுதம் என்று சொல்வதில்லை, பாவம்.

இனி எங்கள் முதன்மைச் சோதனை. பாட்டியின் கேள்விக்கு இதில்தான் விடை கிடைக்கும் என்று நம்பினோம்.

நாம் உண்ணும் சோறு மாவுச்சத்து. அதை உமிழ்நீரிலுள்ள அமிலேஸ் என்னும் நொதி வெட்டிச் சிறிய சர்க்கரைகளாக்குகிறது. (சோற்றை நெடுநேரம் மென்றால் இனிப்பது இதனால்தான்.) வயிற்றைக் கடந்ததும், கணையம் சுரக்கும் அமிலேஸ் எஞ்சியதை வெட்டுகிறது. கடைசியாகச் சிறுகுடல் சுவரிலுள்ள குளுக்கோசிடேஸ் என்னும் நொதிகள் அதைக் குளுக்கோஸாக்குகின்றன. அதன் பின்னரே அது இரத்தத்தில் கலக்கும். இந்த நொதிகளின் வேகத்தைக் குறைத்தால் இரத்தத்தில் சர்க்கரை மெதுவாக ஏறும் அல்லவா? இது வெறும் கற்பனையன்று. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து எடுக்கப்பட்ட அகார்போஸ் என்னும் மருந்து 1990 முதல் இம்முறையில்தான் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கப்படுகிறது. நெல்லிச்சாறும் இந்த நொதிகளைத் தடுக்கிறது என்று சோதனைக் கூடங்களில் கண்டிருக்கிறார்கள். அதை நம் கூடத்திலேயே காட்டிவிட வேண்டும் என்று புறப்பட்டோம்.

வடித்த கஞ்சியை நன்றாக நீர்க்க வைத்து, மூன்று குழாய்களில் ஊற்றினோம். 'அ' குழாயில் கஞ்சியும் தண்ணீரும். 'ஆ' குழாயில் கஞ்சியும் உமிழ்நீரும். 'இ' குழாயில் கஞ்சி, உமிழ்நீர், அதோடு பத்துச் சொட்டு நெல்லிச்சாறு. மூன்றையும் கைச்சூட்டு வெந்நீரில் பத்து நிமிடம் வைத்தோம். பிறகு ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு அயோடின். மாவுச்சத்து இருந்தால் நீலமாகும். செரித்துப்போயிருந்தால் நீலம் வராது. 'அ' நீலமானது. 'ஆ' நீலமாகவில்லை. இரண்டும் எதிர்பார்த்தபடியே. 'இ' நீலமாக வேண்டும். நெல்லிச்சாறு நொதியைத் தடுத்திருக்க வேண்டுமே!

'இ' குழாயில் நீலத்தின் சாயல்கூட இல்லை. அயோடின் விழுந்த இடம் தெரியாமல் மறைந்துவிட்டது.

எங்களுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. நூல்களில் உள்ளதற்கு நேர்மாறான முடிவல்லவா இது? நெல்லிச்சாறு நொதியைத் தடுப்பதில்லை, தூண்டுகிறது! அதனால்தான் பாட்டிக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது! எங்களில் ஒருத்தி அன்றே கட்டுரைக்குத் தலைப்பும் எழுதிவிட்டாள். சிஸ்டர் வந்தார். மூன்று குழாய்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நான்காவது குழாய் எங்கேம்மா?" என்று கேட்டார்.

நாங்கள் விழித்தோம். "கஞ்சியும் நெல்லிச்சாறும் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாமல் உமிழ்நீரை எப்படிக் குற்றம் சொல்வீர்கள்?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

'ஈ' குழாயில் கஞ்சியும் நெல்லிச்சாறும் மட்டும் எடுத்தோம். உமிழ்நீர் ஒரு சொட்டும் இல்லை. அயோடின் விட்டோம். அங்கும் நீலம் இல்லை! செரிப்பதற்கு நொதியே இல்லாத குழாயில் மாவுச்சத்து எங்கே போகும்? எங்கும் போகவில்லை. போனது அயோடின். இரண்டு வாளிக்காரியாகிய வைட்டமின் சி, அயோடினுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து அதை அயோடைடாக மாற்றிவிட்டது. அயோடைடு மாவுச்சத்தை நீலமாக்காது. நாங்கள் நொதியைச் சோதிப்பதாக எண்ணிக்கொண்டு ஆக்சிஜனேற்றத் தடுப்பைச் சோதித்திருக்கிறோம். வைட்டமின் சி மாத்திரையைக் கரைத்து ஊற்றியபோதும் இதேதான் நடந்தது.

சொட்டுச் சொட்டாக அயோடினைச் சேர்த்துக்கொண்டே போனோம். இருபது சொட்டுக்கு மேல் விட்ட பிறகு 'ஈ' குழாய் திடீரென்று நீலமானது. வைட்டமின் தீர்ந்துவிட்டது. 'இ' குழாயும் அப்படியே நீலமானது. ஆக, 'இ'யில் மாவுச்சத்து செரிக்காமலே இருந்திருக்கிறது. உண்மையில் நெல்லிச்சாறு நொதியைத் தடுத்தே இருந்தது. எங்கள் கண்தான் ஏமாந்தது. எழுதிய தலைப்பைக் கிழித்துப் போட்டோம். (எலுமிச்சைச் சாறு அதே அளவில் மூன்று சொட்டு அயோடினைத்தான் விழுங்கியது. ஆனால் நெல்லியின் டானினும் சிறிது அயோடினை விழுங்கும் என்பதால், இந்தச் சொட்டுக் கணக்கை வைட்டமினின் துல்லியமான அளவாகக் கொள்ளக் கூடாது.)

சரி, தடுத்தது எது? புளிப்பா, நெல்லிக்கே உரிய பொருளா? காடியை எடுத்து, நெல்லிச்சாறு அளவுக்குப் புளிக்கும்படி நீர்த்து, அதைச் சேர்த்துப் பார்த்தோம். காடியும் நொதியை முடக்கிவிட்டது. ஏனென்றால் உமிழ்நீர் அமிலேஸுக்கு மிகுந்த புளிப்பு ஆகாது. அப்படியானால் நெல்லியின் பெருமை வெறும் புளிப்பின் பெருமைதானா?

அடுத்து நெல்லிச்சாற்றில் சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு, நுரை அடங்கி, லிட்மஸ் தாள் எந்தப் பக்கமும் மாறாத நிலைக்குக் கொண்டுவந்தோம். சாறு பழுப்பாகக் கறுத்தது. புளிப்பு நீங்கிய அந்தச் சாற்றைக் கொண்டு மறுபடியும் சோதித்தோம். இம்முறை அயோடினை வேண்டிய அளவு விட்டோம். வந்த நிறம் நீலமுமன்று, வெளிறலுமன்று, செவ்வூதா. மாவுச்சத்து பாதி வெட்டுப்பட்டு டெக்ஸ்ட்ரின் என்னும் இடைநிலையில் நின்றால் இந்நிறம் வரும். அதாவது புளிப்பு இல்லாமலும் நெல்லிச்சாறு நொதியின் வேகத்தைக் குறைக்கிறது. ஆனால் நிறுத்திவிடவில்லை.

இந்தச் செவ்வூதாக் குழாயின் காரணகர்த்தா டானின். நெல்லிக்காயைக் கடித்தவுடன் நாக்கும் கன்னத்தின் உட்புறமும் சுருக்கென்று இழுத்துப் பிடிக்கிறதே, அந்தத் துவர்ப்பு எப்படி உண்டாகிறது? டானின், உமிழ்நீரிலுள்ள புரதங்களைப் பற்றிப் பிணைத்துவிடுகிறது. வாயின் வழுவழுப்பு போய்விடுகிறது. நொதியும் ஒரு புரதமே. ஆகவே அதையும் டானின் பற்றிக்கொள்கிறது. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டியில் ஆட்டுத்தோலைப் போட்டுப் பதனிடும் தொழில், நம் திண்டுக்கல்லிலும் வட ஆர்க்காட்டுப் பகுதியிலும் நெடுங்காலம் நடந்துவந்தது. அங்கும் டானின், தோலின் புரதத்தைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. தோல் தொட்டியில் நடப்பதும் நம் நாக்கில் நடப்பதும் ஒரே வேலையின் பெரிய வடிவமும் சிறிய வடிவமும் என்று அறிந்தபோது, எங்களுக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

ஆனால் இதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. டானின் ஆளைப் பார்த்துப் பிடிப்பதில்லை. கிடைத்த புரதத்தைப் பிடிக்கிறது. பால் சேர்க்காத தேநீரைக் கொண்டு செய்தபோதும் குழாயில் அதே செவ்வூதா வந்தது. 'சோதனைக் குழாயில் நொதியைத் தடுக்கும்' என்று சொல்லத்தக்க இலைகளும் காய்களும் பட்டைகளும் எண்ணற்றவை. மூலிகையின் பெயரைப் போட்டு இச்சொல்லை எழுதிய பெட்டிகள் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அச்சொல் பொய்யன்று. ஆனால் குழாயில் இருந்தது கஞ்சியும் நொதியும் சாறும் மட்டுமே. பாட்டியின் வயிற்றில் சோறு, பருப்பு, மோர், கீரை எல்லாம் இருக்கின்றன. டானின் முதலில் பருப்பின் புரதத்தைப் பிடித்துக்கொண்டால் நொதிக்கு என்ன மிஞ்சும்? புளிப்பின் கதி இன்னும் மோசம். கணைய நீர் காரத்தன்மை உடையது. சிறுகுடலுக்குள் வந்த புளிப்பை அது சமப்படுத்திவிடும். நாங்கள் சமையல் சோடா போட்டுச் செய்த வேலையை உடல் தானே செய்துகொள்கிறது. ஆகையால் பாட்டியின் குடலுக்கு ஓரளவேனும் ஒத்தது நீலமான 'இ' குழாயன்று, செவ்வூதாக் குழாய்தான்.

அப்படியானால் நெல்லியில் ஒன்றுமே இல்லையா? அப்படியும் சொல்ல முடியவில்லை. சர்க்கரை நோயாளிகளின் கண்ணில் புரை விழுவதற்கு ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்னும் நொதியும் ஒரு காரணம். கண்வில்லைக்குள் மிகுதியாக வந்த குளுக்கோஸை அது சார்பிட்டால் என்னும் பொருளாக்குகிறது, சார்பிட்டால் வெளியேற முடியாமல் தங்கி நீரை இழுக்கிறது, வில்லை மங்குகிறது. முன்பு சொன்ன ஹைதராபாத் நிறுவனத்தின் அறிஞர்கள், நெல்லிக்காய்ச் சத்து இந்த நொதியைத் தடுப்பதையும், அதை உணவோடு பெற்ற சர்க்கரை நோயுள்ள எலிகளுக்குப் புரை விழுவது தாமதமாவதையும் 2004 முதல் 2007 வரையிலான ஆண்டுகளில் ஆய்ந்து வெளியிட்டனர். இது நம் நாட்டில் முறையாக நடந்த நல்ல ஆய்வு. ஆயினும் ஆய்வுக்கு உட்பட்டவை எலிகள். மனிதர்களிடமும் சிறு ஆய்வுகள் நடந்துள்ளன. இரத்தச் சர்க்கரை ஓரளவு இறங்கியதாகச் சில கூறுகின்றன. ஆனால் சிலரைச் சில வாரங்கள் கவனித்ததை நம்பி, பல ஆண்டு உண்ட மாத்திரையை ஒரு நாளில் நிறுத்திவிட முடியாது.

ஆக்சிஜனேற்றத் தடுப்பிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. கேரட்டின் ஆரஞ்சு நிறப்பொருளான பீட்டா கரோட்டின் ஓர் ஆக்சிஜனேற்றத் தடுப்பி. காய்கறி மிகுதியாக உண்பவர்களுக்குப் புற்றுநோய் குறைவு என்று கண்டதால், அதை மாத்திரையாகக் கொடுத்தால் இன்னும் நல்லது என்று எண்ணி, ஃபின்லாந்து நாட்டில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைக் கொண்டு பெரியதோர் ஆய்வு நடத்தினர். முடிவு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் உண்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது! எலக்ட்ரானைப் பறிக்கும் மூலக்கூறுகள் எல்லாம் பகைவரும் அல்லர். நம் வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்ல அவற்றையே படைக்கலமாகக் கொள்கின்றன. காயாக உண்பது வேறு, அதிலிருந்து ஒன்றை மட்டும் பிரித்து மிகுதியாக விழுங்குவது வேறு என்று சிஸ்டர் அடிக்கடி சொல்வதன் பொருள் எங்களுக்கு அப்போது விளங்கியது.

இவ்வளவையும் பாட்டியிடம் சொல்ல வேண்டுமே! ஒரு சனிக்கிழமை நான்கு குழாய்களையும், செவ்வூதாக் குழாயையும் தாங்கியில் வைத்துத் துணி போர்த்தி, அவர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம். பாட்டி படித்தவர் அல்லர். ஆனால் வாழைக்காயை மோரில் போட்டே பழகியவர். எங்கள் விளக்கத்தில் பாதியை அவரே சொல்லிவிட்டார். அயோடின் மறைந்ததைக் காட்டியபோது கைதட்டிச் சிரித்தார். பிறகு, "அப்போ நெல்லிக்காய் நல்லதுதான். ஆனா மாத்திரை செய்யற வேலையை அது செய்யாது. அப்படித்தானே?" என்றார். "ஆமாம் பாட்டி, அப்படித்தான்" என்றோம். "இதை அந்தப் பக்கத்து வீட்டுக்காரிகிட்டயும் ஒரு தரம் காட்டிட்டுப் போங்க" என்றார்.

புறப்படும்போது, எங்களை உபசரிக்க அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் குடுவையை எடுத்தார். தேனில் ஊறிய நெல்லிக்காய். தமக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். "பாட்டி! அது முழுக்க முழுக்கச் சர்க்கரை!" என்று ஐவரும் ஒரே குரலில் கத்தினோம். "இதுவும் நெல்லிக்காய்தானே?" என்று அவர் கேட்டதற்கு, குழாய் எதுவும் இல்லாமலே பதில் சொல்ல முடிந்தது. இப்போது பாட்டி காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு, மதியச் சோற்றுக்கு நெல்லிக்காய்ப் பச்சடி வைத்துக்கொள்கிறார். அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட்டார்.

வரும் ஆண்டில் இச்சோதனையைச் செய்ய விரும்பும் தங்கைமாருக்குச் சில குறிப்புகள். உமிழ்நீர் எடுக்குமுன் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். அவரவர் உமிழ்நீர்க் குழாயை அவரவரே கழுவுங்கள். நெல்லிச்சாறு அன்று பிழிந்ததாக இருக்கட்டும். கஞ்சியை முந்திய நாளே எடுத்து வைக்காதீர்கள், புளித்துவிடும். அயோடினை எத்தனை சொட்டு விட்டீர்கள் என்று எண்ணுவதற்கென்றே ஒருத்தியை நிறுத்துங்கள். எங்களுக்கு இருமுறை எண்ணிக்கை தவறியது. வெள்ளைச் சட்டையில் அயோடின் கறை பட்டால் அழ வேண்டாம். வைட்டமின் சி மாத்திரை ஒன்றைத் தண்ணீரில் கரைத்துத் தடவினால் கண்ணெதிரே மறைந்துவிடும். அதற்கு நெல்லிச்சாற்றைப் பயன்படுத்தாதீர்கள். அயோடின் போகும், நெல்லியின் துவர்ப்பு தன் கறையை விட்டுவிடும். எங்களில் ஒருத்தியின் சட்டைக் கை இன்னும் அப்படித்தான் இருக்கிறது.